எலிபெண்டாவுக்கு ஒரு பகல்: படகுக்கு முன்னால் குகையைத் திட்டமிடுதல்

வரும் சனவரியில் திருச்சியிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் மும்பைக்கு வருகிறார்கள். வருகை உறுதியானதும் பெரியப்பா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, எலிபெண்டாவுக்கு எப்போது போகிறோம் என்பதுதான். மும்பைக்கு எதிரே கடலில், சிவன் சிற்பங்கள் நிறைந்த குகைகளைக் கொண்ட தீவு அது. ஊரிலிருந்து வருகிற உறவினர்களில் பெரும்பாலோர் இதைக் கேட்கிறார்கள். போய்வந்தும் விடுகிறார்கள். ஆனால் ஓராண்டு கழித்து அவர்களிடம் விசாரித்தால் படகும் கடற்பறவைகளும் குரங்குகளும் நினைவில் இருக்கின்றன. சிற்பங்களைப் பற்றி, "பெரிய மூன்று முகம் இருந்ததே" என்பதற்கு மேல் பேச்சு நகர்வதில்லை. இதில் அவர்கள் குறை ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். காலை உணவை நிதானமாக முடித்துக்கொண்டு பதினொன்றரைக்குப் படகேறி, உச்சி வெயிலில் படியேறி, பசியோடு குகைக்குள் நுழைகிறவர்களுக்கு இருபது நிமிடத்தில் கால் வலித்துவிடுகிறது. படகை மையமாக வைத்து நாளை வகுத்தால் இப்படித்தான் முடியும். ஆகவே இம்முறை, குகைக்குள் எவ்வளவு நேரம், எந்த வரிசையில் எதைப் பார்ப்பது என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்பப் படகு, சாப்பாடு, திரும்புதல் ஆகியவற்றை அமைக்க இருக்கிறேன். மும்பைக்கு வரப்போகும் வேறு தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பயன்படலாம் என்பதால் எழுதிவைக்கிறேன்.

நாளைத் தேர்வதில் ஒரு கட்டாயம் உண்டு. தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இந்தக் குகைகளுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறு நாள்களில் மும்பையே அங்கே இருக்கும். எனவே செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதேனும் ஒரு நாள்; நாங்கள் செவ்வாயைக் குறித்திருக்கிறோம். பருவத்தைப் பொறுத்தவரை நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மார்ச் பிறந்துவிட்டால் படியேற்றமே ஒரு தண்டனை. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் தீவு பச்சைப் பசேலென்று இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கடல் கொந்தளித்தால் படகை விடமாட்டார்கள், விட்டாலும் வயதானவர்களை அதில் ஏற்றுவதற்கு மனம் ஒப்பாது. மழைக்காலத்தில் விடுமுறை எடுத்து வருகிறவர்கள் எலிபெண்டாவை நம்பிப் பயணத்தை அமைத்துக்கொள்ள வேண்டாம்.

படகுகள் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து புறப்படுகின்றன. முதல் படகு காலை ஒன்பது மணியளவில் கிளம்பும். நாங்கள் செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் சத்திரபதி சிவாஜி மகராஜ் முனையம் (சி.எஸ்.எம்.டி.) வரை போய், அங்கிருந்து டாக்சி பிடிப்பதாகத் திட்டம். வாசலில் பைகளைச் சோதனையிட்டுத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் எட்டரைக்கே அங்கே இருப்பது நல்லது. கவுண்டரில் வாங்கும் சீட்டே போவதற்கும் வருவதற்கும் சேர்த்துத்தான். அதைப் படகு கிளம்பியதும் கசக்கி எறிந்துவிடாமல் மாலை வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சுற்றிலும் நின்று கூவி அழைக்கிற முகவர்களிடம் எதுவும் வாங்கத் தேவையில்லை. மேல்தளத்தில் உட்கார விரும்பினால் படகில் ஏறிய பிறகு ஒரு சிறு தொகையைத் தனியாகக் கேட்பார்கள். பெரியப்பாவுக்கு அது வேண்டியிருக்கும். பெரியம்மாவுக்குக் கீழ்த்தளத்தின் நிழலே போதும்.

படகில் ஏறும் இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த நாளில் மிகக் கடினமான பகுதி அதுதான். கேட்வேயின் கடலோரத்தில் கருங்கல் படிகள் நீருக்குள் இறங்குகின்றன. நீர் ஏறியிருக்கும்போது மேற்படியிலிருந்தே படகின் விளிம்பில் கால்வைத்து உள்ளே போய்விடலாம். வற்றியிருக்கும்போது பாசி படிந்த கீழ்ப்படிகள் வரை இறங்க வேண்டும். சில சமயம் கரையோரம் நிற்கும் படகு நம்முடையதாக இருக்காது. அதற்குள் ஏறி, அதன் மறுபக்க விளிம்பைத் தாண்டித்தான் அடுத்த படகில் இறங்க முடியும். இரண்டு படகுகளும் ஒன்று தாழும்போது மற்றொன்று எழுந்து ஆடிக்கொண்டிருக்கும். படகுக்காரப் பையன் முழங்கைக்குக் கீழே உறுதியாகப் பிடித்து, இரண்டு விளிம்புகளும் சமமாக வரும் நொடிக்காகக் காத்திருந்து, "ஆவோ" என்று ஒரே இழுப்பாக இழுத்துக்கொள்வான். அவன் சொல்லும்வரை காலைத் தூக்காமல் இருப்பதுதான் நாம் செய்ய வேண்டியது. போகும் நாளில் கடல்நீர் ஏறி இறங்கும் ஓத நேரங்களை இணையத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நாள் முன்பின் மாற்ற முடிகிறவர்கள், ஒன்பது மணியை ஒட்டி நீர் உயர்ந்திருக்கும் நாளைத் தேர்வது நல்லது. கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் முதுகுப்பையில் போட்டுவிட வேண்டும். பட்டுச்சேலையும் வழுக்கும் செருப்பும் அன்று ஆகாது என்று பெரியம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

உயிர்காப்புச் சட்டையை அணியச் சொன்னால் வெட்கப்படாமல் அணிய வேண்டும். 2024 டிசம்பர் 18 அன்று இதே வழியில் எலிபெண்டாவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் படகின்மீது கடற்படையின் விரைவுப் படகு மோதி, பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு சட்டை விஷயத்தில் கண்டிப்பு வந்தது. நாற்றம் அடிக்கிறது, வியர்க்கிறது என்று கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அது நடக்காது. படகு நிறைந்துவிட்டால் அடுத்ததில் போகலாம் என்பதும் எங்கள் முடிவு.

கடல்வழி சுமார் 10 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஆகும். திரும்பிப் பார்த்தால் கேட்வேயும் தாஜ் ஓட்டலும் ஒரே சட்டத்துக்குள் அடங்குகின்றன. போகப்போகக் கடற்படைத் தளத்தின் கப்பல்கள், நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்கள், எதிர்க்கரையில் நவசேவாத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் என்று வரிசையாக வரும். குளிர்காலத்தில் கடற்காக்கைகள் கூட்டமாகப் படகைத் தொடரும். அவற்றுக்குச் சிப்ஸ் வாங்கிப் போடாதீர்கள். வறுத்த மாவும் உப்பும் பறவைக்கு உணவல்ல.

தீவின் ஊர்ப்பெயர் கராபுரி. படகுத்துறை சேற்றுப்பரப்பைத் தாண்டிக் கடலுக்குள் நெடுந்தூரம் நீட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. நடந்துவிடக்கூடிய தூரம்தான் என்றாலும், பின்னால் படிகள் காத்திருப்பதால் பெரியவர்களை அதில் ஏற்றிவிடுவேன். ஊராட்சிக்கு ஒரு சிறு நுழைவு வரி கட்ட வேண்டும். பிறகு ஏறத்தாழ 120 படிகள். இருபுறமும் தார்ப்பாய் நிழலில் மாலைகள், கல் யானைகள், தொப்பிகள் விற்கும் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. ஏறமுடியாதவர்களை நாற்காலியில் வைத்து நான்கு பேர் தூக்கிச் செல்லும் டோலி வசதி உண்டு. கூலியைக் கீழேயே பேசி முடித்துவிட வேண்டும். இறங்கும் வழியில் பொருள் வாங்கலாம் என்று சொல்லிவிட்டால் ஏறும்போது நேரம் மிச்சமாகும். குரங்குகள் கையிலிருக்கும் குளிர்பானப் புட்டியைப் பறித்து, மூடியைத் திருகித் திறந்து குடிக்கும் அளவுக்குத் தேர்ந்தவை. தின்பண்டத்தை வெளியே காட்டாமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குகை வாசலில் இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சார்க் நாட்டவர் என்ற முறையில் இந்தியருக்கான கட்டணமே செலுத்தலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிற நண்பர்கள் கடவுச்சீட்டை மறக்காமல் எடுத்துவர வேண்டும்.

முதல் படகில் போனால் பத்தரை மணிக்கெல்லாம் முதலாம் குகையின் முன் நிற்கலாம். பன்னிரண்டரை வரை, முழுதாக இரண்டு மணி நேரம் உள்ளே. இதுதான் திட்டத்தின் நடுத்தூண்.

வடக்கு வாசலில் நுழைந்ததும் எல்லோரும் நேராகத் தெற்குச் சுவரிலுள்ள மூன்று முகச் சிற்பத்தை நோக்கி நடக்கிறார்கள். நாங்கள் அப்படிப் போகப்போவதில்லை. வெளிவெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு அந்த இருட்டுப் பழக நேரம் வேண்டும். குகை முன்புறத்திலிருந்து பின்சுவர் வரை சுமார் 39 மீட்டர் ஆழமுள்ளது; வெளிச்சம் வடக்கு வாசலிலும் கிழக்கு, மேற்குத் திறப்புகளிலும் இருந்துதான் வருகிறது. எனவே ஓரங்களிலிருந்து தொடங்கிக் கடைசியில்தான் நடுவுக்குப் போக வேண்டும்.

நுழைந்தவுடன் வலக்கைப் பக்கம் நடராசர், அவருக்கு எதிரே இடப்பக்கம் யோகத்தில் அமர்ந்த சிவன். தில்லையையும் சோழர் கால வெண்கலத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு இந்த நடராசரைப் பார்க்கக்கூடாது. நமக்குப் பழகிய அந்த வடிவம் இதற்குப் பல நூற்றாண்டு பிந்தையது. இங்கே கைகளும் கால்களும் பெரும்பாலும் உடைந்துபோய்விட்டன. ஆயினும் இடுப்பிலிருந்து தோள்வரை உடல் திரும்புகிற திருப்பத்தில் ஆட்டம் முழுவதும் இருக்கிறது. ஆடுகிறவரையும் அசையாமல் இருக்கிறவரையும் எதிரெதிரே வைத்த சிற்பியின் நோக்கம் விளங்க, இரண்டுக்கும் நடுவில் நின்று இருபுறமும் மாறிமாறிப் பார்த்தால் போதும்.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் இலிங்கம் உள்ள கருவறை. நான்கு பக்கமும் வாசல். ஒவ்வொரு வாசலுக்கும் இருபுறமும் ஆளைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் உயரமான வாயிற்காவலர்கள். தொலைபேசியில் பெரியப்பா, "கோவில்னா பூசை இருக்கணுமே தம்பி, அங்க யாரு பண்றா?" என்று கேட்டார். அன்றாட பூசை கிடையாது, அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்றேன். "அப்ப நாம போய் ஒரு பதிகம் பாடிட்டு வருவோம்" என்று முடித்துவிட்டார். ஆகவே கருவறைச் சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கியிருக்கிறேன்.

கருவறைக்கு மேற்கே உள்ள இரண்டு சிற்பங்களும் நமக்கு நன்றாகத் தெரிந்த கதைகள். ஒன்று கல்யாணசுந்தரர். மணமகளான பார்வதி சிவனுக்கு வலப்புறம் நிற்கிறாள். இனிமேல்தான் இடப்புறம் வர வேண்டும். தலை சற்றே கவிழ்ந்து, இமை தாழ்ந்து, மூக்கும் உதடும் மிக மென்மையாக இழைக்கப்பட்டிருக்கும் அந்த முகத்தை அருகில் நின்று பார்த்தால், கரடுமுரடான எரிமலைப் பாறையில் இதை எப்படிச் செய்தார்கள் என்ற வியப்பு அடங்காது. கீழே நெருப்பின் அருகே நான்முகன் புரோகிதராக அமர்ந்திருக்கிறான். இதற்கு எதிர்ப்புறம் சிவன் அந்தகன் என்ற அசுரனைக் கொல்லும் அந்தகாசுர வதம், நம் திருக்கோவலூர் வீரட்டானத்துக் கதை. கோரைப்பல்லும் பிதுங்கிய விழியுமாகச் சிவன் சினத்தின் உச்சத்தில் இருக்கிறார். திருமணமும் சங்காரமும் இலிங்கத்துக்கு முன்னால் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன.

இதற்குள் கண் பழகியிருக்கும். இப்போது தெற்குச் சுவர். வலப்பக்கம் கங்கையைச் சடையில் தாங்கும் கங்காதரர், நடுவில் மூன்று முகம், இடப்பக்கம் நந்திமேல் சாய்ந்து நிற்கும் அர்த்தநாரீசுவரர். கங்காதரரைப் பெரியப்பா தம் ஊரிலேயே பார்த்திருக்கிறார்; மலைக்கோட்டையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த இலளிதாங்குர பல்லவேச்சுரக் குடைவரைக் கோவிலில் இருப்பவர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். எலிபெண்டாவின் கங்காதரர் அவருக்குச் சற்று முந்தையவராக, ஆறாம் நூற்றாண்டினராகக் கருதப்படுகிறார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே, புறப்படுவதற்கு முன் மலைக்கோட்டைக்கு ஒருமுறை ஏறிவிட்டு வரும்படி கேட்டிருக்கிறேன்.

நடுவிலுள்ள சிற்பத்தைத் திரிமூர்த்தி என்று வழிகாட்டிகள் பலரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிரமன், திருமால், சிவன் என்று மூவரையும் அதில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆய்வாளர்கள் அதைச் சிவனின் ஐந்து முக வடிவமான சதாசிவமாகவே கொள்கிறார்கள். நம் சைவ மரபில் வந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இல்லை. நடுவில் அமைதியே உருவான தத்புருடம். பார்ப்பவரின் இடப்பக்கம் மீசையும் பாம்பும் சினமுமாக அகோரம். வலப்பக்கம் தாமரை ஏந்திய, பெண்மை பொலியும் வாமதேவம். பின்முகமான சத்தியோசாதமும் மேல்நோக்கிய ஈசானமும் பாறைக்குள் மறைந்திருப்பதாகக் கொள்ள வேண்டும். உயரம் சுமார் 18 அடி. அதுவும் மார்பு வரை மட்டுமே. மிக அருகில் போனால் கழுத்து நோகும், தூரத்தில் நின்றால் முகபாவம் பிடிபடாது. முன்னாலுள்ள தூண்களை ஒட்டி நின்றுகொண்டு, கூட்டம் விலகும்வரை காத்திருக்கலாம். கூட்டம் அலையலையாகத்தான் வரும். ஒரு படகின் ஆள்கள் போய் அடுத்த படகின் ஆள்கள் படியேறி வருவதற்குள் பத்து நிமிட இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிக்காகத்தான் இரண்டு மணி நேரம் கேட்கிறேன்.

கடைசியாகக் கிழக்குக் கோடியில் இராவணன் கயிலையைப் பெயர்க்கும் காட்சி. பல உருவங்கள் சிதைந்துவிட்டதால் பெரும்பாலோர் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவார்கள். தேவாரம் ஓதுகிற குடும்பத்துக்கு இதைவிட நெருக்கமான சிற்பம் அந்தக் குகையில் வேறில்லை என்பேன். ஞானசம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாடலை இந்த அரக்கனுக்கே ஒதுக்கிவைத்தார். அவர் ஏழாம் நூற்றாண்டினர். அவருக்குச் சில தலைமுறைகள் முன்பே, தொலைவிலுள்ள கொங்கணக் கடல் தீவு ஒன்றில் அதே மலையை அதே அரக்கன் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் குடைவித்தது யார் என்று பெரியப்பா கட்டாயம் கேட்பார். தீவில் கிடைத்த கிருட்டிணராசன் என்ற மன்னனின் காசுகளையும் கலைப்பாணியையும் கொண்டு, அவன் வழிவந்த காலச்சூரி அரச மரபினர் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கல்வெட்டே இல்லையா என்றால், இருந்திருக்கிறது. அந்தக் கல்லைப் பெயர்த்துப் போர்த்துகீசிய மன்னருக்கு அனுப்பிவைத்ததாக தியோகு தோ கோத்து என்ற போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். பிறகு அது காணாமல் போய்விட்டது. சிற்பங்களின் கீழ்ப்பகுதிகள் உடைந்து கிடப்பதற்கு போர்த்துகீசிய வீரர்கள் சுட்டுப் பழகியதே காரணம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். எல்லாப் பழியையும் அவர்கள்மேல் போடுவதும் சரியல்ல. பாறையில் கசியும் நீரும் தேங்கிய மழைநீரும் தங்கள் பங்கைச் செய்திருக்கின்றன. தூண்களில் சில பிற்காலத்தில் புதிதாகக் கட்டி நிறுத்தப்பட்டவை என்பதைக் கூர்ந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். 1987இல் யுனெசுகோ இதை உலக மரபிடமாக அறிவித்தது.

அடுத்தடுத்த குகைகள் முடிவுறாதவை அல்லது மிகவும் சிதைந்தவை. பாதையோடு நடந்து பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மலையுச்சியில் ஆங்கிலேயர் கால பீரங்கிகள் இரண்டு இருக்கின்றன. இளைஞர்கள் ஏறலாம், நாங்கள் ஏறப்போவதில்லை. கிழக்குக் குன்றில் பௌத்தத் தூபி ஒன்றின் செங்கல் எச்சம் உள்ளது. அதற்கென்றே தனியாக வருகிறவர்களைத் தவிர மற்றவர்கள் விட்டுவிடலாம்.

சாப்பாட்டைக் குகை முடிந்த பிறகுதான் வைத்திருக்கிறேன். தீவில் உணவகங்கள் உண்டு. விலையும் சுவையும் சுற்றுலாத் தலத்துக்கு உரியவை. பெரியம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்கிறார். குரங்குகளை நினைத்து, அதை மலைமேல் பிரிக்காமல் கீழே இறங்கி ஓர் உணவகத்துக்குள் உட்கார்ந்து, ஆளுக்கொரு தேநீராவது வாங்கிக்கொண்டு சாப்பிட வேண்டும். தீவில் மூன்று சிற்றூர்கள் இருக்கின்றன. நகரத்தின் விளக்குகள் எதிரே தெரியும் தூரத்தில் இருந்தும் இவர்களுக்கு 2018இல்தான், கடலடியில் கம்பி போட்டு, நிரந்தர மின்சாரம் வந்தது. அதுவரை மாலையில் சில மணி நேரம் ஓடும் டீசல் இயந்திரந்தான். கடைக்காரப் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால் இதைச் சொல்வார்கள். அரைகுறை மராத்தி போதும்.

திரும்புவதற்கு மாலைப் படகு வரை காத்திருக்கக்கூடாது. கடைசிப் படகு ஐந்தரை வாக்கில் போகும் என்பதால் எல்லோரும் நான்கு மணிக்கு மேல்தான் துறைக்கு இறங்குகிறார்கள். வரிசை படகுத்துறையின் பாதிவரை நீளும். இரண்டு, இரண்டரை மணிப் படகில் ஏறிவிட்டால் நான்குக்குள் கேட்வே, இருட்டுமுன் வீடு.

தீவுக்கு இந்தப் பெயரைத் தந்த கல் யானை தீவில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்த்துகீசியர் அதைக் கண்டுதான் தீவுக்குப் பெயர் வைத்தார்கள். 1864இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோவதற்காகத் தூக்கியபோது சங்கிலி அறுந்து விழுந்து துண்டு துண்டானது. துண்டுகளை மும்பைக்குக் கொண்டுவந்து, பின்னர் ஒட்டி நிறுத்தினார்கள். இப்போது பைகுல்லாவில் ராணி பாக் என்று எல்லோரும் அழைக்கும் தோட்டத்தை ஒட்டி, பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கிறது. அருங்காட்சியகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. செவ்வாயன்று தீவுக்குப் போய்வந்தால் புதன் முழுதும் பெரியம்மாவின் முழங்காலுக்கு ஓய்வு, வியாழன் காலையில் யானை.